விரல் எட்டும் தூரம்

முதல் கைத்துப்பாக்கி வாங்க வரும் பெண்ணிடம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642-ஐ எடுத்து நீட்டுவது அமெரிக்கக் கடைக்காரர்களின் வெகுகால வழக்கம். ஐந்து தோட்டா கொள்ளும் சின்ன ரிவால்வர் அது. குழல் இரண்டு அங்குலம்கூட முழுசாக இல்லை. அலுமினிய உடல், எடை 400 கிராமுக்குச் சற்றே மேல். மேசைமேல் வைத்தால் பரம சாதுவாகத் தெரியும். ஆனால் சுடுவதென்றால் அதன் விசையைச் சுமார் 12 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ பலத்தோடு இழுக்கவேண்டும். தன் எடையைப்போலப் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு இழுப்பை வாங்கிக்கொண்டு அந்தப் பொருள் அசையாமல் நிற்கவேண்டும். நிறுத்தவேண்டியவை மீதி விரல்களும் உள்ளங்கையும். பெண்ணுக்கு எந்தத் துப்பாக்கி பொருந்தும் என்ற பேச்சை நான் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குவேன். நிறத்திலிருந்து தொடங்குபவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு கனம் எதற்கு? ஒரே இழுப்பில் இரண்டு வேலை நடக்கிறது. தோட்டாக்கள் அடங்கிய உருளை ஓர் அறை அளவுக்குத் திரும்புகிறது. உள்ளே ஒளிந்திருக்கும் சுத்தியல் பின்னால் போய், எல்லையைத் தொட்டதும் விடுபட்டு முன்னால் பாய்கிறது. தோட்டாவின் அடியிலுள்ள மருந்துக் குமிழைப் பற்றவைக்கும் அளவுக்கு அந்த அடி பலமாக விழவேண்டும். உடல் சிறியது, ஆகையால் சுத்தியலும் சிறியது, அது போய்வரும் வீச்சும் குறுகியது. குறைந்ததையெல்லாம் ஸ்பிரிங்கின் விறைப்புதான் ஈடுகட்டுகிறது. பூட்டு, தாழ்ப்பாள் என்று விரலால் தள்ளுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. அந்தக் கனமான இழுப்பே பூட்டு. கை தவறிப் பட்டதற்கெல்லாம் வெடிக்காது. ஆக, குறையாகத் தெரிவதில் பாதி அதன் குணம்.

மீதிப் பாதி குறைதான். ஒரே தோட்டாவை 550 கிராம் எடையுள்ள, அதே நிறுவனத்தின் பழைய எஃகு மாடலான 36-இல் சுட்டால் ஒருவிதமாக உதைக்கும். அலுமினியத்தில் சுட்டால் சுரீரென்று உள்ளங்கையில் ஏறும். ஸ்காண்டியம் கலந்த உலோகத்தில் 330 கிராம் அளவுக்கு இளைத்த 340 மாடலை எடுத்து, அதற்குரிய மேக்னம் தோட்டாவைச் சுட்டவர்கள் மறுமுறை சுட யோசிப்பார்கள். இலேசாக்கிய ஒவ்வொரு கிராமும் கையில் வட்டியோடு வந்து சேரும். ‘பெண்தானே, சின்னதாக இலேசாக ஒன்று கொடு’ என்ற பரிவு தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். குட்டைக் குழல் ரிவால்வரைப் பயிற்சியாளர்கள் கைதேர்ந்தவர்களின் துப்பாக்கி என்பார்கள். அதைப் போய் முதல்நாள் பழகுபவர் கையில் கொடுப்பது.

கொல்லும் கருவிக்கு என்ன நயம் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அருங்காட்சியகத்தில் வாளின் கைப்பிடி முன்னால் நின்று வேலைப்பாட்டைப் பார்ப்பவர்கள் யாரும் வெட்டுப்பட்டவர்களை மறந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். லட்சக்கணக்கான பெண்கள் உண்மையிலேயே வாங்குகிறார்கள். வாங்கும் பொருளில் யார் கையை நினைத்து எது செய்யப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது வீண் ரசனை ஆகாது.

கையை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே உள்ள கவட்டுச் சதை பிடியின் முதுகில் பதிகிறது. அங்கிருந்து விசையின் முகம்வரை எவ்வளவு தூரம்? முதல் துப்பாக்கி தேர்ந்தெடுப்பதில் இதைவிட முக்கியமான அளவு இல்லை, விளம்பரங்களில் இதைவிட அரிதாகத் தென்படும் அளவும் இல்லை. பிடி சரியாக இருந்தால் குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் வரும், ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு மேலுள்ள மெத்தைப் பகுதி விசையில் படியும். தூரம் ஒரு விரல்கடை கூடினால் விரல்நுனி மட்டுமே எட்டும். எட்டவைப்பதற்காகக் கையைப் பக்கவாட்டில் திருகிப் பிடிப்பார்கள். அப்போது உதைப்பு முழங்கைக்கு நேராகப் போகாமல் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். நாலு தோட்டாவுக்குள் மூட்டு வலிக்கும், எட்டாவதில் கண் தானாக மூடும். அதன்பிறகு அந்தத் துப்பாக்கி அலமாரியை விட்டு வெளியே வராது. பயிற்சி நின்றுபோவதற்குப் பயத்தைக் காரணமாகச் சொல்வார்கள். பல கைகளுக்கு உண்மையான காரணம் இந்த ஒரு விரல்கடைதான்.

பழைய சிறு ரிவால்வர்களில் இதற்கு நேர்மாறான ஒரு தொல்லையும் இருந்தது. மரச் சில்லு இரண்டைப் பக்கங்களில் ஒட்டியதுபோல மெலிந்த பிடி. விசைவளையத்துக்குப் பின்னால் ஒரு வெற்றிடம், நடுவிரல் போய் அங்கே இடித்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓக்லஹோமாவில் மெல்வின் டைலர் என்பவர் ஒரு சிறு உலோகத் துண்டு வார்த்தார். ‘டைலர் டி-கிரிப்’ என்று பெயர். பிடியின் முன்பக்கத்தில் நகத்தால் கீறிப் பார்க்கத் தோன்றும் அளவுக்குப் பாந்தமாக உட்காரும். பிடி பெரிதாகிவிடாது, நடுவிரலுக்கு மட்டும் ஓர் இருக்கை கிடைக்கும். துப்பாக்கி உலகில் எனக்குப் பிடித்த பொருள்களை வரிசைப்படுத்தச் சொன்னால், எந்தத் துப்பாக்கிக்கும் முன்னால் இந்தத் துண்டை வைப்பேன்.

கையை நினைத்துச் செய்வது மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1887-லேயே தொடங்கிவிட்டது. ஹோரஸ் ஸ்மித்தோடு சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கிய டேனியல் வெஸ்ஸன், அந்த ஆண்டு ‘சேஃப்டி ஹேமர்லெஸ்’ என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தார். வெளியே நீட்டும் சுத்தியல் கிடையாது. பிடியின் முதுகில் நீளவாக்கில் ஒரு தகடு. உள்ளங்கை அதை அழுத்தினால்தான் விசை வேலை செய்யும். ஒரு குழந்தை துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக்கொண்ட செய்தி அவரை உறுத்தியதாகவும், பிடியை அழுத்திக்கொண்டே விசையையும் இழுக்கப் பிஞ்சுக் கைக்குத் தெம்பு போதாது என்று கணக்குப் போட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, கணக்கு அழகு. எலுமிச்சையைப் பிழிவதுபோல அழுத்தவேண்டியிருந்ததால் ‘லெமன் ஸ்க்வீசர்’ என்று ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

1950-இல், காவல்துறைத் தலைவர்களின் மாநாட்டில் அறிமுகமானதால், ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்ற பெயரோடு ஐந்து தோட்டா ரிவால்வர் வந்தது. நான் மேலே சொன்ன எஃகு 36 அதுதான். இரண்டு வருடம் கழித்து, நிறுவனத்தின் நூறாண்டு நிறைவுக்கு ‘சென்டென்னியல்’. சுத்தியலை முழுக்க மூடிவிட்டதால் பின்புறம் கூனல்போல வளைந்து உயர்ந்தது. பார்ப்பதற்கு அவலட்சணம் என்றவர்கள் உண்டு. கையில் பிடித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கவட்டுச் சதை அந்தக் கூனலின் அடிவரை மேலேறி உட்கார இடம் கிடைக்கிறது. குழலுக்கும் கைக்கும் உள்ள உயர வித்தியாசம் குறைகிறது. அந்த அளவுக்கு முனை துள்ளுவதும் குறைகிறது. புடவை முந்தானையோ சட்டை உள்துணியோ சிக்கிக்கொள்ள வெளியே ஒரு கொக்கி இல்லை. வெஸ்ஸனின் தகடு இதிலும் இருந்தது. கூடவே ஒரு குறும்பும் இருந்தது. தகடு வேண்டாம் என்பவர்கள் அதை அழுத்திய நிலையிலேயே பூட்டிவைக்க மயிரிழை அளவு ஓர் ஊசி, பிடியின் மரப்பலகைக்கு அடியில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேர் பலகையைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள்! இன்றைய 642 இதே வம்சம்தான். தகடும் ஊசியும் போய்விட்டன, கூனல் மிஞ்சியது.

பெண் பெயர் தாங்கி வந்த துப்பாக்கிகளுக்குத் தனிக் கதை. 1902-லிருந்து 1921 வரை ‘லேடிஸ்மித்’ என்று ஏழு தோட்டா .22 ரிவால்வர் ஒன்றை இதே நிறுவனம் செய்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விலைமாதர்கள் அதை விரும்பி வாங்குவதைக் கேள்விப்பட்ட வெஸ்ஸன் பெரியவர் முகம் சுளித்து நிறுத்திவிட்டார் என்று இன்றும் எழுதுகிறார்கள். பெரியவர் 1906-லேயே காலமாகிவிட்டார். துப்பாக்கி அவருக்குப் பிறகு பதினைந்து வருடம் வெளிவந்துகொண்டிருந்தது. அந்தப் பெயரை 1989-இல் மறுபடி எடுத்தார்கள். அதே வருடம்தான், பெண்கள் துப்பாக்கி ஏந்துவதைப் பற்றிப் பாக்ஸ்டன் குவிக்லி எழுதிய ‘ஆர்ம்ட் அண்ட் ஃபீமேல்’ என்ற புத்தகமும் வந்தது. புதிய லேடிஸ்மித் உண்மையில் பழைய 36தான். பக்கவாட்டில் எழுத்துப் பொறிப்பு, மெலிந்த ரோஸ்வுட் பிடி, வரிகள் இல்லாமல் வழவழவென்று தேய்த்த விசை. எழுத்துப் பொறிப்பை ஆண்கள் கேலி செய்தார்கள். கவனிக்கவேண்டியது அந்த விசை. நீண்ட இழுப்பில் விரல் விசையின்மேல் கொஞ்சம் வழுக்கிப் போகும், வரிகள் இருந்தால் தோலை அறுக்கும். யாரோ ஒருவர் உண்மையிலேயே விரலை வைத்து இழுத்துப் பார்த்திருக்கிறார்.

எல்லாரும் அப்படிப் பார்ப்பதில்லை. சார்ட்டர் ஆம்ஸ் நிறுவனத்தின் ‘பிங்க் லேடி’ என்பது இளஞ்சிவப்பு பூசிய இலேசான .38 ரிவால்வர். உதைப்பும் விசையின் கனமும் நிறம் பார்த்துக் குறைவதில்லை. நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2012 டெல்லிப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியக் கலப்பு, 500 கிராம், விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். பெண்களுக்கான முதல் இந்தியத் துப்பாக்கி என்றார்கள். நகைப்பெட்டிபோல மெரூன் நிறப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். பெட்டியைப் பற்றி எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. விசை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எத்தனை கிலோ இழுக்கவேண்டும் என்று எழுதியவர்கள் என் கண்ணில் படவில்லை. உரிமம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் ஊரில் அந்த விலை வேறு. பெட்டியைத் திறந்து பார்க்கும் பாக்கியம் எத்தனை பெண்களுக்குக் கிடைத்திருக்கும்?

ரிவால்வரை விட்டு பிஸ்டலுக்கு வந்தால் தொல்லை விரலிலிருந்து முன்கைக்கு மாறுகிறது. மேலிருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா அறைக்குள் போகும். ‘என்னால் ஸ்லைடை இழுக்க முடியவில்லை’ என்பதுதான் கடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். கொஞ்சம் சூட்சுமத்தால் சரியாகும். ஸ்லைடை இழுக்கப் பார்க்காமல், அதை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் பிடியை முன்னால் தள்ளவேண்டும். தோளின் பலம் சேர்ந்துகொள்ளும். ஆனாலும் சில துப்பாக்கிகளின் பிறவியே அப்படி. ஜேம்ஸ் பாண்ட் புண்ணியத்தில் உலகப் புகழ் பெற்ற வால்தர் பிபிகே பார்க்க ஒல்லியான அழகி, ஸ்லைடோ முரடு. வெடிப்பின் வேகத்தைத் தடுத்து நிறுத்த அதில் ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே உண்டு. குழலும் ஸ்லைடும் கணநேரம் பூட்டிக்கொண்டு பிறகு பிரியும் அமைப்பு கிடையாது. அதனால் ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்தே தீரவேண்டும். அதற்குமேல், உயரப் பிடித்தால் திரும்பி வரும் ஸ்லைடு கவட்டுச் சதையைக் கீறிவிட்டும் போகும்.

2018-இல் வந்த, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ‘எம் அண்ட் பி 380 ஷீல்டு ஈஸி’ இந்த முடிச்சை அவிழ்த்த விதம் ரசிக்கத்தக்கது. பிபிகே சுடும் அதே .380 ரகத் தோட்டாதான். ஆனால் இதில் குழல் பூட்டிக்கொள்ளும். ஆகவே ஸ்பிரிங் தளர்வாக இருக்கலாம். இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் உள்ள ஊசிமுனை அமைப்பை விட்டுவிட்டு உள்ளே ஒரு சுத்தியலை வைத்தார்கள். ஊசிமுனையின் ஸ்பிரிங்கை எதிர்த்து ஸ்லைடைக் கொண்டுவந்து மூட, மூடும் ஸ்பிரிங் பலமாக இருந்தாகவேண்டும். சுத்தியல் வந்ததும் அந்தத் தேவை குறைந்தது. இரண்டும் சேர்ந்து, வயதான கைகளும் இழுக்கக்கூடிய ஸ்லைடு கிடைத்தது. மேகசினின் இருபுறமும் சிறு குமிழ். கட்டைவிரலால் அதைக் கீழே தள்ளிப் பிடித்தால் தோட்டாக்கள் எதிர்ப்பில்லாமல் ஒவ்வொன்றாக இறங்கும். நகம் உடையாது. இலக்குப் பயிற்சிக்கான .22 பிஸ்டல்களில் இந்தக் குமிழ் காலங்காலமாக இருந்ததுதான். தற்காப்புத் துப்பாக்கிக்கு அது ஏன் கூடாது என்று கேட்க இவ்வளவு நாளாகியிருக்கிறது. ஸ்லைடின் மேலே ஒரு சிறு நெம்பு, அறையில் தோட்டா இருந்தால் தலைதூக்கும், தடவிப் பார்த்தாலே தெரியும். பிடியின் முதுகிலோ, அழுத்தினால் மட்டும் வழிவிடும் ஒரு தகடு. 1887-இன் எலுமிச்சை பிழியும் தகடு, நூற்று முப்பது வருடம் சுற்றி, அதே நிறுவனத்தின் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

ஈஸி சின்னத் துப்பாக்கி அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 525 கிராம் எடை, முழுக்கை பிடிக்கும் பிடி. எளிதாக்குவதற்காக அவர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். கையைப் புரிந்துகொண்டவர்கள் எடுத்த முடிவு அது. நெற்றியில் பெண் பெயர் ஒட்டவும் இல்லை. மூட்டுவலிக்கார ஆண்களும் கூச்சமில்லாமல் வாங்கிப் போனார்கள்.

ஸ்லைடைத் தொடவே வேண்டாம் என்று இத்தாலியின் பெரெட்டா 1950-களிலேயே வேறொரு வழி கண்டது. பக்கவாட்டு நெம்பைத் தட்டினால் குழலின் பின்பக்கம் மேலே எழும்பும். முதல் தோட்டாவை நேராக அறையில் வைத்துக் குழலை அழுத்தி மூடிவிடலாம். ஒரு விரலின் வேலை. காலியாக இருக்கிறதா என்று குழலைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆனால் அந்தச் சின்ன பெரெட்டாக்களில் வெற்றுக் குப்பியைக் கவ்வி இழுக்கும் கொக்கியே கிடையாது. வெடிப்பின் அழுத்தமே குப்பியை வெளியேற்றும். வெடிக்காத தோட்டா சிக்கினால் ஸ்லைடை எத்தனை இழுத்தும் பயனில்லை, குழலைத் தூக்கித்தான் எடுக்கவேண்டும். எனக்கு அதன் அழகின்மேல் மிகுந்த ஆசை. உயிரை நம்பி ஒப்படைக்க மனம் வராது.

விசையின் சுகத்துக்கு ரூகரின் எல்சிஆர் ரிவால்வர், 2009-இல் வந்தது. வழக்கமான ரிவால்வரின் இழுப்பு கிணற்றில் நீர் இறைப்பது மாதிரி. வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை இலேசு, மேலே வந்ததும் தோளைப் பிடித்து இழுக்கும். கடைசி அந்த இழுப்பில்தான் குறி கலையும். எல்சிஆரில் உராய்வைக் குறைக்க ஒரு வளைதகட்டை வைத்து, கனம் நடுவழியில் ஏறி இறங்கி வழுக்கிப் போகும்படி செய்திருக்கிறார்கள். எடைக்கல் வைத்து அளந்தால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம், விரலுக்குத் தெரியும். ஒரு வரி சிக் பி365 பிஸ்டலுக்கும். அடியில் அகன்று மேலே குறுகும் மேகசினால், ஓர் அங்குலம் மட்டுமே தடிமனான உடலுக்குள் பத்து தோட்டாவை அடக்கிய சாமர்த்தியம் அது.

இனி, எங்கே வைத்துக்கொள்வது? கைப்பை என்பதுதான் உடனே தோன்றும் விடை, துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்த பைகளும் விற்கின்றன. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலம் ஹேடனில், ஓர் அங்காடியில், இரண்டு வயதுக் குழந்தை அப்படிப்பட்ட பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் தாயைச் சுட்டுவிட்டது. தாய் அங்கேயே இறந்துபோனார். பை தோளிலிருந்து இறங்கும், நாற்காலியில் தொங்கும், தள்ளுவண்டியில் உட்காரும். உடம்போடு இருக்கும் துப்பாக்கிக்குக் காவல் தனியாக வேண்டாம்.

உடம்போடு என்றால் உறை. உறைகளில் பெரும்பாலானவை ஆணின் நேரான இடுப்புக்கு வெட்டப்பட்டவை. பெண்ணின் இடுப்பு கீழே அகன்று மேலே குறுகுவதால், அதே உறையை மாட்டினால் துப்பாக்கியின் குழல் வெளியே தள்ளி, பிடி விலா எலும்பைக் குத்தும். போட்டித் துப்பாக்கி சுடுபவர்கள் உறையைக் கீழே இறக்கி வெளியே தள்ளித் தொங்கவிட்டுச் சமாளிப்பார்கள். மறைத்து வைக்க அது உதவாது. அங்கே உதவுவது, பக்கவாட்டில் இல்லாமல் முன்வயிற்றில் செருக, கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் விசைவளையம் முழுக்க மூடும்படி வார்த்த உறை. துணி உறையில் சாவி ஒன்று நுழைந்தாலும் விசை நகரக்கூடும், கைடெக்ஸில் முடியாது. அதன் குழல் பக்கத்தில், உடம்பைத் தொடும் முகத்தில், ஆப்பு வடிவ நுரைத் துண்டு ஒன்றை ஒட்டுவார்கள். அது கீழ்ப்பக்கத்தை உடம்பிலிருந்து தள்ள, மேலே பிடி உள்பக்கம் சாய்ந்து வயிற்றோடு படியும். சட்டைக்கு வெளியே புடைப்புத் தெரியாது. நல்ல உறைகளில் இந்தத் துண்டைக் கழற்றி மேலும் கீழும் மாற்றி ஒட்டிப் பார்க்கலாம். மற்றவற்றோடு எதுவும் வருவதில்லை. வாங்கியவர்கள் செருப்புக்குள் வைக்கும் நுரை அட்டையை வெட்டி ஒட்டிக்கொள்கிறார்கள்.